அந்தச் சுமதி அல்ல

மல்காஜ்கிரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அனுபமா என்ற பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பேப்பரக்கா’ என்றால்தான் தெரியும். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள், மாமியார் துரத்தியவர்கள், எல்லோரும் அவள் ஸ்கூட்டியை வெளியே எடுக்கிற நேரம் பார்த்து கேட்டருகில் வந்து நிற்பார்கள். அவளும் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்று கேட்பாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் ஒருத்தியிடமும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

திருச்சியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் சமையல் குறிப்பும் ஃபேஷன் ஷோவும் எழுது என்று ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். பொம்பளைக்கு அதுதானே வரும் என்ற நினைப்பு. உப்பல் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கம்பெனி, பெண்களின் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை சூப்பர்வைசர் பாக்கெட்டில் வைத்திருந்தது. ‘சாவி கேட்க வெட்கப்பட்டுக்கிட்டுத் தண்ணியே குடிக்கிறதில்லக்கா’ என்று ஒருத்தி சொன்னதை அப்படியே எழுதிக் கொண்டுபோய் எடிட்டர் மேஜையில் வைத்தாள். அன்றைக்குப் பிடித்த பிடி, இன்றுவரை விடவில்லை. வரதட்சிணைச் சாவு, ஹாஸ்டல் கொடுமை, துப்புரவுப் பெண்களின் வேலைநிறுத்தம் என்று ஊரே ஒதுக்குகிற விஷயத்துக்கெல்லாம் அவள்தான் போவாள். மார்ச் எட்டாம் தேதி ரோஸ் கலரில் ஒரு பக்கம் போட்டு, அதிலும் முக்கால்வாசியை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, பெண்களைக் கௌரவித்தோம் என்று மார்தட்டுகிற உலகம் இது. மீதிக் கால் பக்கத்துக்கு அவள் வருஷா வருஷம் சண்டை போடுவாள். அவள் எழுதி உள்ளே போனவர்களும் உண்டு. எழுதியும் ஒன்றும் ஆகாமல் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறவர்கள்தான் அதிகம்.

கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேயேதான். புருஷன் சரத்துக்கு ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை. அவனுடைய கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில் வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கியவர். மாமனார் சீதாராமன் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் விஜயகுமாரி வேலூர்த் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திரும்பி, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்குக் ‘கைக்கு’ என்று இந்த ஊர் உருதுவில் முடிப்பார். சரத்தின் தங்கை சுமதியைப் போலாரத்தில் கொடுத்திருந்தது. ஸ்கூல் டீச்சர். அவள் புருஷன் யோகேஷ் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர், தமிழர் சங்கத்துப் பொங்கல் கமிட்டியில் மைக் பிடிக்கிறவன்.

இப்போது நடந்த கூத்தைச் சொல்கிறேன்.

அடிபட்ட பெண்ணின் சொந்தப் பேரைச் செய்தியில் போடக்கூடாது என்பது அனுபமாவின் தொழிலில் கட்டாயம். பேரை மட்டும் மாற்றினால் போதாது. ஏரியா, வேலை, பிள்ளை ஆணா பெண்ணா, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிப் போடவேண்டும். இல்லாவிட்டால் அக்கம்பக்கம் மோப்பம் பிடித்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கொண்டாப்பூரில் குடியிருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். இன்ஜினியர், ஒரு பையன். புருஷனும் இன்ஜினியர்தான். ஜாக்கெட்டுக்கு உள்ளே மறைகிற இடமாகப் பார்த்து அடிக்கிற படிப்பாளி. டெஸ்கிலிருந்து அவசரப்படுத்தினார்கள். பேருக்காக யோசித்தபோது மேஜைமேல் செல்போன் அதிர்ந்தது. ‘சுமதி’ என்று வந்தது. ‘பிறகு பேசுகிறேன்’ என்று மெசேஜைத் தட்டிவிட்டு, அந்தப் பேரையே எடுத்துப் போட்டுவிட்டாள். பேர் வந்ததும் மற்றதெல்லாம் தானாகக் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கொண்டாப்பூர் போலாரமாயிற்று, இன்ஜினியர் டீச்சரானாள், பையன் பெண்ணானான். யாரோ ஒருத்தியை மறைக்கப் போய் வீட்டுப் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாள். அடுத்த வேலை காத்திருந்ததால் திருப்பிப் படித்துப் பார்க்கவும் இல்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் அந்தச் செய்தி ஓடிற்று. ‘நம்ம யோகேஷா?’ என்று ஒருத்தர் கேட்க, அழுகிற பொம்மையை நாலு பேர் போட்டார்கள். வியாழக்கிழமை சுமதியும் அவள் மகள் அக்ஷதாவும் ஒரு பெட்டியோடு மல்காஜ்கிரியில் வந்து இறங்கினார்கள். பேப்பரில் மறுப்பு வந்த பிறகு திரும்பி வந்தால் போதும் என்று யோகேஷ் சொல்லி அனுப்பியிருந்தான்.

அனுபமா சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். சுமதி, “விடுங்க அண்ணி” என்றதோடு சரி. மானம் போயிற்றே என்ற வருத்தம்தான் இவளுக்கு என்று அனுபமா நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. இருந்தாலும் ஆவக்காய் ஊறுகாய் போடுகிற நாள். சந்தையிலேயே கொட்டையோடு வெட்டி வாங்கி வந்த மாங்காய்த் துண்டுகளை ஹால் முழுக்க வேட்டி விரித்துப் பரப்பியாயிற்று. ஒவ்வொரு துண்டாக எடுத்து உள்ளே இருக்கும் பருப்பை நோண்டி எறிந்துவிட்டு, மெல்லிய தோலை உரித்து, ஈரம் போகத் துடைக்கவேண்டும். மூன்று பெண்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடுகுப்பொடியின் நெடி மூக்கில் ஏறிற்று. கூலர் வெறும் சூட்டை வீசியது. சுமதி மணிக்கட்டு வரை மூடிய சுடிதாரில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தாள்.

“துணிய மாத்திக்கோ அனுபமா, நனஞ்சிகீது பாரு. ஈரம் பட்டா மொத்த ஜாடியும் பூசணம் பூத்துடும்” என்றார் விஜயகுமாரி.

“சரிங்க அத்தை.”

“ஊர்ல எத்தினி பேரு இல்ல? பத்மான்னு வெக்கறது, லட்சுமின்னு வெக்கறது. கைக்கு எங்க வூட்டுப் பொண்ணு பேருதான் கெடச்சிதா ஒனக்கு?”

“தப்புதான் அத்தை. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன், தப்புதான்.”

“வாயால சொல்லி இன்னா ஆவப்போவுது? பேப்பர்ல போட்டதுக்குப் பேப்பர்லதான் சொல்லணும். சம்பந்தி இப்ப வராரு. அவுரு எழுதிகினு வர்றத அப்படியே போட்டுடு. நக்கோ கிக்கோன்னு எதுனா ஆரம்பிக்காத.”

கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சரத் திரும்பினான். “ரெண்டு வரிதானே அனு. உங்க பேப்பர்ல தினம் ஒரு திருத்தம் வருது. இதுவும் ஒண்ணு.”

“போடறேன்னுதான் சொல்லியிருக்கேன் சரத். தப்புப் பண்ணது நான்.”

சுமதி துடைத்த துண்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

யோகேஷும் அவன் அப்பா வேதாசலமும் காரில் வந்தார்கள். வேதாசலம் போலாரத்தில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்து சம்பாதித்தவர். கால் வைக்க இடமில்லாமல் மாங்காய்களுக்கு நடுவே கொக்கு மாதிரி நடந்து வந்து சோபாவில் உட்கார்ந்தார். விஜயகுமாரி எழுந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். அக்ஷதா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கேரம் ஆடப் போயிருந்தாள். அப்பா வந்த சத்தம் கேட்டும் அவள் வரவில்லை.

“வெயில் என்னா வெயிலு சம்பந்தியம்மா” என்று வேதாசலம் மோரைக் குடித்தார். “படிச்சிக் காட்டுடா.”

யோகேஷ் செல்போனைப் பார்த்து ஆங்கிலத்தில் படித்தான். அதன் சாரம் இதுதான்: புதன்கிழமைச் செய்தியில் வந்த சுமதி, போலாரத்தில் வசிக்கும் திருமதி சுமதி யோகேஷ் அல்ல. திருமதி சுமதி யோகேஷ் தம் கணவருடனும் அவர் குடும்பத்தாருடனும் மிகுந்த மகிழ்ச்சியோடு வாழ்ந்து வருகிறார்.

“முதல் வரி உண்மை. அதை நாளைக்கே போடச் சொல்றேன்” என்றாள் அனுபமா. “ரெண்டாவது வரி எதுக்கு? யார் வீட்ல யார் சந்தோஷமா இருக்காங்கன்னு பேப்பர் சர்டிபிகேட் கொடுக்கறதில்லையே.”

“அது இல்லாம முதல் வரி மட்டும் வந்தா என்னக்கா பிரயோஜனம்? அப்ப சண்டை இருக்கு, ஆனா அந்தச் சண்டை இல்லன்னு படிப்பாங்க” என்றான் யோகேஷ்.

“எம் பையன் தலை காட்ட முடியலம்மா” என்றார் வேதாசலம். “இந்த வருஷம் சங்கத்துக்குச் செக்ரட்டரி ஆவ வேண்டியவன். ஒரு பொம்பள எழுதின எழுத்தால மண்ணாப் போச்சு.”

“போட்டுடு அனுபமா” என்றார் விஜயகுமாரி. சரத்தும் தலையாட்டினான்.

அனுபமா ஒரு நிமிஷம் யோசித்தாள். போட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஆனால் இத்தனை வருஷத் தொழில் பழக்கம் ஒன்று உண்டு. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் எழுதமாட்டாள். மந்திரியானாலும் சரி, கூலிக்காரியானாலும் சரி. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டாள்.

“உன்னைப் பத்தின வரி இது. நீ சொல்லு சுமதி. போட்டுடட்டுமா?”

சுமதி தலையைத் தூக்கவில்லை. “போடாதீங்க அண்ணி” என்றாள்.

“சுமதி” என்றான் யோகேஷ்.

அவன் கத்தவில்லை. பேரைத்தான் சொன்னான், அதுவும் மெதுவாக. சுமதியின் கையிலிருந்த மாங்காய்த் துண்டு நழுவி விழுந்தது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிக்கொண்டன. அந்தத் தோளை அனுபமா எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். தன் வீட்டு ஹாலில், தன் புருஷனின் தங்கையிடம் அதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

“கையைக் காட்டு சுமதி.”

“இன்னாத்துக்குக் கைய காட்டறது?” என்று விஜயகுமாரி குறுக்கே வந்தார். “வந்தவங்க எதிர்க்க…”

“அம்மா, போதும்” என்றாள் சுமதி. பிறகு அனுபமாவைப் பார்த்தாள். “அண்ணி, அன்னிக்கு சாயந்தரம் நான் உங்களுக்கு ஃபோன் பண்ணேன். பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டுப் பண்ணேன். எத்தினியோ நாளா நெனச்சு நெனச்சு, அன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு. நீங்க அப்பறம் பேசறேன்னு மெசேஜ் அனுப்பினீங்க.”

அனுபமா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

“மறுநாளு பேப்பர்ல எம் பேரு. நான் சொல்லலன்னு எத்தினி தடவை சொன்னேன் தெரியுமா? என் ஃபோனப் புடுங்கிப் பார்த்தாரு. உங்க நம்பர் இருந்துச்சு. ‘ஆமா, சொல்லாமயே உங்க அண்ணிக்குக் கனவுல தெரிஞ்சுதா’ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு. சொல்லி அடி வாங்கியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும் அண்ணி. சொல்லாததுக்கு வாங்கினேன்.”

“பொய்” என்று யோகேஷ் எழுந்தான். “டென்ஷன்ல என்ன பேசறோம்னே தெரியாம பேசறா.”

வேதாசலம் மகனைக் கையமர்த்தினார். அவர் பொய் என்றெல்லாம் சிரமப்படவில்லை. “குடும்பம்னா ஒரு கை முன்னபின்ன நீளத்தாம்மா செய்யும். அதுக்குப் பேப்பரா, ஃபோனா?” என்றார். நாலு பேர் நடுவில், மோரைக் குடித்த வாயோடு, பருப்பு விலை சொல்வதுபோல் சொன்னார். இந்த மாதிரி மனிதர்களுக்குத்தான் சங்கத்து விழாவில் முதல் வரிசையில் நாற்காலி போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம்.

“எத்தனை வருஷமா?” என்று அனுபமா சுமதியிடம் கேட்டாள்.

“கல்யாணமான வருஷத்துலேர்ந்து.”

“பத்து வருஷத்துக்கு மேலயா? ஏண்டி என்கிட்ட சொல்லல? நான் வேற என்ன வேலை செய்யறேன்? தெருவுல போறவ எல்லாம் வந்து சொல்றாளே!”

“அதனாலதான் அண்ணி சொல்லல. அக்ஷதா தலைல கைய வெச்சு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. உங்க காதுக்குப் போனா பேப்பருக்குப் போயிடும்னு. அண்ணன்கிட்ட சொல்லி அழுதேன். அவரும் அதேதான் சொன்னாரு.”

அனுபமா திரும்பினாள். சரத் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அனு, நீ உடனே எமோஷனல் ஆயிடுவே. நானே ஒரு நாள் யோகேஷ்கிட்ட பக்குவமா பேசலாம்னு…”

“பேசினீங்களா?”

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

இந்த ஊரில் எத்தனை பெண்கள் அவளிடம் வந்து முந்தானையை விலக்கித் தழும்பைக் காட்டியிருப்பார்கள்! அவளிடம் சொல்லக்கூடாது என்று காவல் போட்டிருந்தது ஒரே ஒரு வீட்டில். அது அவள் சமைத்து, துவைத்து, சம்பளத்தைக் கொண்டுவந்து போட்டுக் குடித்தனம் செய்த வீடு. அவளுக்கு விருது கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் கட்டின புருஷன். அவனும் அந்தக் காவலில் ஓர் ஆள். அனுபமாவுக்கு அழுகை வரவில்லை. எதையாவது தூக்கி அடிக்கவேண்டும்போல் இருந்தது.

“நான் ஸ்டேஷனுக்குப் போறேன்” என்றாள் சுமதி.

யோகேஷ் சிரித்தான். “போ. யாரு சாட்சி? உங்க அண்ணியா? அவங்க சாட்சி கோர்ட்ல ஒரு நிமிஷம் நிக்காது. பேரு மாத்தினேன், ஊரு மாத்தினேன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. எழுதின பொய்யக் காப்பாத்த நாத்தனார விட்டுக் கேஸ் குடுக்க வெச்சாங்கன்னு என் லாயர் சொல்லுவாரு. போங்க, ரெண்டு பேரும் போங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாவிட்டாலும் சட்டம் இருந்தது. அனுபமாவுக்கு அது புரிந்தது. தன் ஒரு நாள் அவசரத்தால் சுமதியின் வாயை இவன் அடைத்துவிடுவான்.

“ஆமா, நான் சாட்சி இல்ல” என்றாள். “எனக்கு எதுவுமே தெரியாது. தெரிய விடல. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இந்த ஹால்ல இருக்காங்க. சரத், சட்டையை மாட்டிக்கிட்டு வாங்க.”

“இன்னிக்கு சண்டே அனு. நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்த்துட்டு, நல்லா யோசிச்சு…”

“தங்கச்சி அடி வாங்கினதுக்கு ஞாயித்துக்கிழமை லீவா?”

வேதாசலத்துக்கு இந்தப் பேச்சு தொல்லையாக இருந்தது. அவர் விஜயகுமாரி பக்கம் திரும்பினார். குரலில் தேன் வழிந்தது. “சின்னப் புள்ளைங்க பேச்ச விடுங்க சம்பந்தியம்மா. ஒவ்வொரு தடவையும் கோச்சிக்கினு வந்தப்பல்லாம் நீங்கதான் புத்தி சொல்லிக் கொண்டாந்து விட்டீங்க. ஒரு தடவைகூட நான் வந்து கூப்பிட்டதில்ல. உங்கள மாதிரி பெரியவங்க இருக்கப்போயிதான் எங்க குடும்பம் நிக்குது. இப்பவும் நீங்களே சொல்லி அனுப்பி வைங்க. நாங்க கார்ல இருக்கோம்.”

விஜயகுமாரி விழுந்து கிடந்த துண்டை எடுத்தார். துடைக்கப் போனவர் துடைக்காமல் வைத்துவிட்டார். சுமதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, சுடிதாரின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினார். எல்லோரும் பார்த்தார்கள். சரத் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஒவ்வொரு தடவையும் நான்தான் கொண்டாந்து விட்டேன்” என்றார் விஜயகுமாரி, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு எழுந்தார். “சம்பந்தி, மோரு குடிச்சாச்சு இல்ல? கெளம்புங்க.”

“என்னம்மா இது?”

“கெளம்புங்கன்னேன். மாப்பிள்ள, நீயும்தான். எம் பொண்ணு அங்க வரமாட்டா. நக்கோ.”

“அம்மா, கொஞ்சம் பொறுமையா…” என்றான் சரத்.

“நீ பொறுமையா இரு. உனுக்கு அதான் வரும். மாங்காவப் பார்த்துக்கினு குந்து. கொழந்த வந்தா சோறு போடு. அனுபமா, ஆட்டோவக் கூப்புடு.”

மாங்காய்க்குக் காவலாகச் சரத்தை விட்டுவிட்டு மூன்று பேரும் போனார்கள்.

மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. அனுபமாவை அங்கே தெரியும். இன்ஸ்பெக்டரம்மா பார்த்ததும், “என்ன மேடம், ஞாயித்துக்கிழமையும் ஸ்டோரியா?” என்று தெலுங்கில் கேட்டார்.

“இல்லை மேடம். இன்னிக்கு நான் துணைக்கு வந்தவ” என்று அனுபமா சொல்லிவிட்டுச் சுவரோரம் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சுமதி சொல்லச் சொல்ல, எதிரே ஒரு பெண் கான்ஸ்டபிள் எழுதினாள். இன்ஸ்பெக்டரம்மா இடையில் நிறுத்தினார். “படிச்ச குடும்பமா இருக்கு. முதல்ல கவுன்சலிங் வெச்சுப் பார்க்கலாமே? பத்து வருஷமா ஒரு புகாரும் இல்லைன்னா, அவங்க வக்கீல் அதைத்தான் முதல்ல கேப்பாரு. வீட்ல யாராவது பார்த்தாங்களா?”

“நான் பார்த்தேன்” என்றார் விஜயகுமாரி.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. தெலுங்கிலேயே சொன்னார். கல்யாணமான வருஷம் வரலட்சுமி நோன்புக்கு வந்தபோது மகளின் காது வீங்கியிருந்தது. மருந்து போட்டுவிட்டு அன்றைக்கு சாயந்திரமே பஸ் ஏற்றிவிட்டார். குழந்தை வயிற்றில் இருந்தபோது முதுகில் வரி வரியாக இருந்தது. புருஷன் கோபக்காரன், நீதான் அனுசரிக்கணும் என்று சொல்லி, பட்சணம் கட்டிக்கொண்டு கூடவே போய் விட்டு வந்தார். சீதாராமன் இறந்த காரியத்துக்கு வந்தபோது, இனிமேல் போகவில்லை என்று மகள் காலைப் பிடித்தாள். அப்பா இல்லாத வீட்டில் வாழாவெட்டியாக உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று அப்போதும் கொண்டுபோய் விட்டார். சுமதி முகத்தை மூடிக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்திவிட்டாள். “அவர் என்ன பண்ணாருன்னு மட்டும் சொல்லுங்கம்மா. நீங்க கொண்டுபோய் விட்டதெல்லாம் இதுல வேண்டாம்.”

“கைக்கு வேண்டாம்?” என்று விஜயகுமாரி மேஜையைத் தட்டினார். “அடிச்சவன் அவன். திரும்பத் திரும்பக் கொண்டுபோய் அவன் கையில குடுத்தவ நான். அதையும் எழுது.”